சாம்பல் மூடி மட்டும் சர்க்கரையைக் காப்பாற்றாது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ரத்தம் சோதிக்கும் லேப் வேலை பார்க்கிறேன் என்று தெரிந்தால் போதும், கல்யாண வீட்டில்கூடக் கேட்பார்கள்: "ஒரே ஊசிதானே குத்துறீங்க, எதுக்கு நாலு கலர்ல டியூப்?" எந்தச் சோதனைக்கு எந்த நிறம் என்பது சுவரில் ஒட்டியிருக்கும் அட்டையிலேயே இருக்கிறது. நான் முதலில் கேட்பது, ரத்தம் எடுத்த இடத்திலிருந்து லேப் வந்து சேர எத்தனை மணி நேரம் என்பதைத்தான்.

இங்கே நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் சர்க்கரை டெஸ்ட் தெரியாத வீடு ஏது! ரத்தம் உடம்பை விட்டு வந்த பிறகும் அதன் அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டேதான் இருக்கும், அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை போய்விடும். அதைத் தடுக்கத்தான் சாம்பல் மூடியில் சோடியம் ஃபுளூரைடு. ஆனால் அது பிடிப்பது ஈனோலேஸ் என்ற நொதியை, குளுக்கோஸ் உடைகிற வழியில் அது கிட்டத்தட்டக் கடைசியில் இருக்கிறது, ஆகவே முதல் ஒன்றிரண்டு மணி நேரம் சர்க்கரை இறங்கத்தான் செய்யும். சாம்பல் மூடிதானே என்று இங்கே கோடையான ஜனவரி வெயிலில் காரின் டாஷ்போர்டில் வைத்துக் கொண்டுவருபவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐஸில் வையுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைக்கு (HbA1c) இந்தத் தொல்லை இல்லை, ஊதா மூடி போதும், ஃபிரிட்ஜில் சில நாள் தாங்கும்.

சரி, எல்லா டியூப்பையும் ஐஸில் போட்டுவிடலாமா? அங்கேதான் வம்பு. அணுக்களைப் பிரிக்காத ரத்தம் குளிர்ந்தால், பொட்டாசியத்தை அணுவுக்குள் வைத்திருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்ப் படுத்துவிடும், உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும், ரிப்போர்ட்டில் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். தூரத்து கிளினிக் என்றால் ஜெல் உள்ள மஞ்சள் மூடியில் எடுத்து, அரை மணி உறையவிட்டு, அங்கேயே சென்ட்ரிஃபியூஜில் (வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் மெஷின்) சுற்றி அனுப்புங்கள். ஜெல் அணுக்களுக்கும் மேலே தெளியும் நீருக்கும் நடுவில் ஏறி நின்றுவிட்டால் அப்புறம் குளிரில் வைக்கலாம்.

இன்னொரு கூத்து, மஞ்சளில் குறைகிறதே என்று ஊதாவிலிருந்து கொஞ்சம் ஊற்றுவது. ஊதாவில் இருப்பது ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, பொட்டாசியம் சேர்ந்த ஈடிடிஏ, அது கால்சியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். அப்படி வந்த ஒரு சாம்பிளில் பொட்டாசியம் 12, உயிரோடு இருக்கும் ஆளுக்கு வராத அளவு, கால்சியம் இருந்த இடமே தெரியவில்லை. ஆளோ வெளியே உட்கார்ந்து சமோசா தின்றுகொண்டிருந்தார்.

ரத்தம் உறையும் நேரம் பார்க்கும் நீல மூடி கோடு வரை நிரம்பவில்லை என்றால் நான் யாருக்கும் தயவு பார்ப்பதில்லை, திருப்பி அனுப்பிவிடுவேன். 9 பங்கு ரத்தத்துக்கு உறையாமல் தடுக்கும் சிட்ரேட் 1 பங்கு என்பது கணக்கு. ரத்தம் குறைந்தால் உறைவதற்கு அதிக நேரம் ஆவதாகக் காட்டும், அதை நம்பி டாக்டர் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரையைக் குறைத்துவிடுவார்.