விரலைப் பாருங்கள், பிறகு காசைப் பாருங்கள்

இணையத்தில் பழைய வெள்ளிக்காசு விற்பவர்களில் பாதிப் பேர் இப்போது வானவில் விற்கிறார்கள். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1919 போன்ற, கோடிக்கணக்கில் அச்சான வருடம் என்றால் வெள்ளி விலைக்குச் சற்று மேலே கொடுத்தால் கிடைத்துவிடும். அதே காசு நீலமும் ஊதாவுமாக மின்னினால் விலை மூன்று மடங்கு. கீழே ‘நேச்சுரல் டோனிங்’, அதாவது தானாக ஏறிய நிறம் என்று ஒரு வரி. அதற்குத்தான் அந்தக் கூடுதல் பணம்.

தக்கலையில் எனக்கு ஃபோட்டோ ஸ்டுடியோ. ஃபிலிம் காலத்துத் தொழில். கருப்பு வெள்ளைப் படத்தைச் செப்பியா நிறமாக்க அன்று படத்தை முதலில் வெளுக்க வைத்து, பிறகு சோடியம் சல்ஃபைடு கரைசலில் போடுவோம். டார்க்ரூம் முழுக்க அழுகிய முட்டை நாற்றம். அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போனால் கொல்லைப்புறம் வழியாகத்தான் உள்ளே விடுவார்கள். படத்தில் இருக்கும் வெள்ளி, வெள்ளி சல்ஃபைடாக மாறுவதுதான் அந்தப் பழுப்பு. காசில் நிறம் ஏறுவதும் இதே சங்கதிதான். காற்றிலும் பழைய அட்டைகளிலும் உள்ள கந்தகம் பல வருடங்களாகச் செய்வதை, லிவர் ஆஃப் சல்ஃபர் என்ற கந்தக மருந்து கலந்த வெந்நீர் சில நொடிகளில் செய்துவிடும். ஆக்சிடைஸ் வெள்ளி நகைக்குக் கறுப்பேற்றுகிற எந்தப் பட்டறைக்கும் இது தெரிந்த கைவேலை. வேகவைத்த முட்டையோடு டப்பாவில் காசை மூடி வைத்தும் நிறம் ஏற்றுகிறார்கள்.

நிறம் தானாக ஏறினாலும் மருந்தில் ஏற்றினாலும் உருவாவது ஒரே பொருள் என்பதால் இங்கே தீர்ப்பு கண்ணின் கையில்தான் இருக்கிறது. பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற தரம் பிரிக்கும் நிறுவனங்கள்கூடச் சந்தேகமான நிறம் என்று தோன்றினால், தர எண் கொடுக்காமல் குறிப்பு மட்டும் எழுதி அனுப்புகின்றன.

கண்ணுக்கு ஒரு பிடிமானம் உண்டு. சல்ஃபைடு படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், அடியில் உள்ள வெள்ளியில் பட்டுத் திரும்பும் ஒளியும் கலப்பதால்தான் நிறம் தெரிகிறது. மழை நாளில் பஸ் ஸ்டாண்டு தரையில் டீசல் காட்டும் நிறங்களைப் போல. படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும், ஆனால் ஒரு வரிசையில்தான் மாறும். முதலில் வெளிர்மஞ்சள், பிறகு பொன், செம்பழுப்பு, கருஞ்சிவப்பு கலந்த ஊதா, அடர்நீலம், வெளிர்நீலம். அதன்பின் கிட்டத்தட்ட வெள்ளையாகி, மறுபடியும் மஞ்சளில் தொடங்கும். பச்சை இந்த இரண்டாம் சுற்றில்தான் வரும். அட்டை ஆல்பத்தில் பல காலம் கிடந்த காசில் விளிம்பு நீலமாகவும், உள்ளே போகப்போக ஊதாவும் பொன்னும், நடுவில் வெள்ளையுமாக இருப்பது இந்தக் கணக்கால்தான்.

போன மாதம் குளச்சலிலிருந்து ஒரு தம்பி அப்படி வாங்கிய 1919 ரூபாயோடு வந்தான். “அண்ணாச்சி, நூறு வருட நிறமாம்” என்றான். பத்து மடங்கு லென்ஸை வைத்தேன். முகத்தின் பின்னால் அடர்நீலம் ஒரு திட்டாக நின்றது. திட்டு முடிந்த இடத்தில் நேராக வெள்ளை. இடையில் ஊதாவும் இல்லை, பொன்னும் இல்லை. நீலம் எழுத்துகளின் மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கியிருந்தது. இயற்கையாக ஏறிய நிறம் பெரும்பாலும் எழுத்தின் ஓரத்தில் சற்று வெளுக்கும் அல்லது மாறும். ராஜாவின் அங்கியில் ஒரு குட்டி யானை உண்டு. (1911 காசில் அது பன்றிபோல் தெரிகிறது என்று புகார் கிளம்பி, பிறகு திருத்தினார்கள்; ‘பன்றி ரூபாய்’ என்று தேடுகிறார்களே, அது அந்தக் காசு.) இவன் காசில் யானை தேய்ந்து வழவழவென்று கிடந்தது, அதன் மேலும் அதே நீலம். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள். யாரோ பாலிஷ் போட்டுத் தேய்த்த பிறகு நிறம் ஏற்றியிருக்கிறார்கள். தேய்ந்த காசில், அச்சான புதிதில் இருந்த மினுப்பு போய்விடும். மினுப்பு இல்லாத இடத்தில் இத்தனை பளீர் நிறம் தானாக வருவது அபூர்வம்.

காசு கைக்கு வரும் முன்பே இதில் பாதியைக் கண்டுபிடித்துவிடலாம். விற்பவர் போட்ட படத்தில் அவர் விரல் தெரிகிறதா என்று பாருங்கள். விரல் செங்கல் நிறத்தில் இருந்தால், காசின் நிறத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார். கல்யாண ஆல்பத்தில் நாங்கள் செய்யாததா. பிறகு ஒரே ஒரு பல்பின் கீழ் காசை மெல்லச் சாய்த்துச் சாய்த்து வீடியோ கேளுங்கள். சல்ஃபைடு நிறம் சாய்க்கும்போது மாறும், சில கோணத்தில் மங்கும். நிறத்துக்காகப் பூசிய மையும் வார்னிஷும் அப்படியே நிற்கும். மருந்தில் ஏற்றிய நிறமும் கோணத்துக்கு மாறும் என்பதால், வீடியோவில் வரிசையையும் எழுத்தோரங்களையும் கவனிக்க வேண்டும். வீடியோ தர மறுத்தால் வேறு காசு பார்க்கலாம். சுத்தமான அசிட்டோனில் முக்கினாலும் மை கரையும், சல்ஃபைடு கரையாது. நகப்பூச்சு அழிக்கும் திரவம் இதற்கு ஆகாது. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், விளக்குப் பக்கம் வேண்டாம்.

நம் ஊர்க்காசான திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரத்திலும் இப்போது நீலம் காட்டுகிறார்கள். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் சர்க்கார் ரூபாய். மிளகைவிடச் சற்றுப் பெரிது, குழிப் பலகையில் அள்ளி எண்ணியவை. இந்தப் பக்கத்து வீடுகளின் பழைய பெட்டிகளிலிருந்து நான் பார்த்தவை எல்லாம் சாம்பலும் கரும்பழுப்பும்தான். எனக்கு அந்த நிறமே பிடித்திருக்கிறது.

சந்தேகமான காசு இருந்தால் ஸ்டுடியோவுக்குக் கொண்டுவாருங்கள். காலை வெயில் முன்வாசலில் விழும் நேரம் நல்லது. புளி போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு மட்டும் வராதீர்கள்.