ஒன்பதே ஒன்பது இடங்கள்

முட்டை வடிவப் பந்தால் ஆடும் கனடிய ஃபுட்பால் லீக்கில் ஒன்பது அணிகள் இருக்கின்றன. ஓர் அணிக்கு, பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுக்கும் ஃபீல்ட் கோல் உதைப்பவர் ஒருவர் போதும். ஆகவே இந்த வேலை கனடா முழுவதிலும் ஒன்பது பேருக்குத்தான் உண்டு. அதில் ஓர் இடம் காலியாக வேண்டுமானால் ஒருவர் ஓய்வுபெற வேண்டும், அல்லது காயப்பட வேண்டும், அல்லது தொடர்ந்து நாலைந்து உதைகளைத் தவறவிட்டு வெளியேற்றப்பட வேண்டும். வன்கூவரின் பி.சி. லயன்ஸ் அணிக்கு 1976இல் வந்த லூயி பசாக்லியா, அந்த இடத்தை விட்டு எழுந்தது 2000ஆம் ஆண்டில்தான். 25 பருவங்கள், 3,991 புள்ளிகள். அந்தக் கால் நூற்றாண்டில் அதே நகரத்தில் அதே கனவோடு பந்து உதைத்த பையன்கள் என்ன ஆனார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. அந்த ஒன்பதில் ஒன்றைப் பிடித்துவிட நானும் எட்டு ஆண்டுகள் முயன்றேன். இப்போது ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இரண்டொரு பையன்கள் என்னிடம் வழி கேட்பதால், அவர்களுக்கு வாயால் சொல்வதை ஒழுங்காக எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து 2000ஆம் ஆண்டில் வந்தபோது எனக்கு ஐந்து வயது. மற்றப் பையன்களைப் போலவே நானும் உதைபந்தாட்டத்தில்தான் வளர்ந்தேன். முட்டை வடிவப் பந்தைப் பத்தாம் வகுப்பு வரையில் கையால் தொட்டதுகூட இல்லை. பள்ளி ஃபுட்பால் அணியில் உதைப்பதற்கு ஆள் இல்லாமல் போன ஒரு நாளில், உடற்பயிற்சி ஆசிரியர் என்னை மைதானத்துக்கு அழைத்துப் பந்தைக் காட்டி, உதைக்கச் சொன்னார். உதைத்தேன். பந்து உயரமாகத்தான் போனது, ஆனால் வளைந்து கொடிக் கம்பத்தின் பக்கம் போய் விழுந்தது. உதைபந்தாட்டத்தில் அந்த வளைவுக்குக் கைதட்டுவார்கள். இங்கே அதுதான் முதல் எதிரி. கணுக்காலை இறுக்கிப் பூட்டிக்கொண்டு, ஊன்றும் காலைப் பந்தின் பக்கவாட்டில் ஒவ்வொரு முறையும் ஒரே இடைவெளியில் வைத்து, தலையைக் குனிந்தபடியே காலை நேராக வீசி முடிக்க வேண்டும். பந்து எங்கே போகிறது என்று பார்க்கத் தலையை நிமிர்த்தினால் இடுப்பு திறந்துகொள்ளும், பந்து விலகிவிடும். பத்து ஆண்டுப் பழக்கத்தை மறப்பதற்கு எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

"பந்தை உதைக்கிறதுக்கு ஆராவது சம்பளம் குடுப்பினமே?" என்று அப்பா கேட்டார். கேட்டாரே தவிர, சனிக்கிழமை காலைகளில் இரவு வேலை முடிந்த கையோடு என்னுடன் பூங்காவுக்கு வந்ததும் அவர்தான். முதலில் பந்தைப் பிடித்துத் தருவதற்கு அவரையே குந்தவைத்தேன். என் கால் வரும்போதெல்லாம் அவர் விரலைச் சட்டென்று இழுத்துக்கொள்வார், பந்து சாய்ந்துவிடும். பிறகு பந்தை நிறுத்திவைக்கும் மூன்று கால் இரும்புக் கம்பி ஒன்றை வாங்கினோம். அப்பா கம்பங்களுக்குப் பின்னால் போய் நின்று பந்தைப் பொறுக்கி எறிபவரானார். பெப்ரவரியில் பனி அள்ளும் சவளைக் காரில் கொண்டுபோய், நான் ஓடி உதைக்கும் ஏழெட்டு அடி இடத்தை மட்டும் சுத்தம் செய்துகொள்வோம். குளிரில் பந்து கல்லாக இறுகிவிடும், உதைத்தால் புறங்கால் விறைக்கும், கோடையில் 45 யார்டு போவது 38இல் இறங்கிவிடும். ஆனால் இந்த லீக்கின் பருவம் ஜூனில் தொடங்கி நவம்பரில் இறுதி ஆட்டமான கிரே கோப்பையோடு முடிகிறது. முக்கியமான உதைகள் எல்லாம் குளிரில்தான் வரும் என்பதால், அந்த பெப்ரவரிகளை நான் ஒருபோதும் வீண் என்று நினைத்ததில்லை.

பல்கலைக்கழகத்தில் ஐந்து பருவங்கள் விளையாடினேன். உதைப்பது ஒருவர் வேலை அல்ல என்பதை அங்கேதான் படித்தேன். ஸ்னாப்பர் தன் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் எறிய, ஏழு யார்டு தள்ளி முழங்காலிட்டிருப்பவர் அதைப் பிடித்து, ஓர் அங்குல உயரக் கட்டையின் மேல் நிறுத்தி, தையல் கம்பத்தின் பக்கம் பார்க்கும்படி திருப்பி, ஒரு விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். நான் மூன்று எட்டுப் பின்னால், இரண்டு எட்டு இடப்பக்கம் என்று அளந்து நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு வந்து உதைக்க வேண்டும். இவ்வளவும் ஏறக்குறைய 1.3 விநாடிக்குள் நடக்காவிட்டால் எதிரணியின் கை பந்தை மறித்துவிடும். தையல் என் பக்கம் திரும்பியிருந்தால் பந்து விலகும். ஆனாலும் மறுநாள் பேப்பரில் வருவது என் பெயர் மட்டும்தான். மூன்று ஆண்டுகள் எனக்குப் பந்து பிடித்த நண்பன் ஒவ்வொரு தவறுக்கும் மைதானத்திலேயே மன்னிப்புக் கேட்பான். கேட்காதே என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

கனடிய விதிகளில் வெளியார் கவனிக்காத ஒன்று உண்டு. அமெரிக்காவில் கோல் கம்பங்கள், கோல் கோட்டுக்கு அப்பாலுள்ள இறுதிப் பகுதியின் பின் எல்லையில் நிற்கின்றன. இங்கே அவை கோல் கோட்டின் மேலேயே நிற்கின்றன. எனவே கணக்கு எளிது. பந்து கோல் கோட்டிலிருந்து எத்தனை யார்டில் இருக்கிறதோ அதனுடன், பந்து பின்னால் எறியப்படும் ஏழைக் கூட்டினால் உதையின் தூரம் வந்துவிடும். 2015 முதல், பந்தை இறுதிப் பகுதிக்குள் கொண்டுசேர்க்கும் டச்டவுனுக்குப் பிந்தைய ஒரு புள்ளி உதையையும் 25ஆம் யார்டிலிருந்து தொடங்க வைத்தார்கள். சும்மா கிடைத்த புள்ளி 32 யார்டு உதையாகிவிட்டது. இன்னொன்று, தவறிய உதை இங்கே செத்த பந்து அல்ல. கம்பத்துக்குப் பின்னால் இருபது யார்டு ஆழம் இருக்கிறது. அங்கே நிற்கும் எதிரணி ஆட்டக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு ஓடி வரலாம். அவர் வெளியே வராமல் அங்கேயே மடக்கப்பட்டால் உதைத்த அணிக்கு ஒரு புள்ளி. குறி தவறியதற்கும் புள்ளி தருகிறார்களே என்று அமெரிக்கர்கள் சிரிப்பார்கள். அவர் வெளியே வந்துவிட்டாலோ, அவரைத் துரத்த வேண்டியவர்கள் எங்கள் பக்கத்து முன்வரிசைப் பருமன் ஆட்டக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் கடைசிக் காவல் நான். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உதைப்பதைவிடத் தவறவிட்ட பின் என்ன செய்வது என்பதைத்தான் நான் அதிகம் படித்தேன். பால் மக்கலம் என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். சஸ்காச்சுவான் அணிக்காக 2001இல் 62 யார்டு உதைத்து லீக் சாதனை படைத்தவர் அவர். 2004ஆம் ஆண்டின் மேற்குப் பிரிவு இறுதிப் போட்டியில், மேலதிக நேரத்தில், அதே அணிக்காக 18 யார்டு உதையைத் தவறவிட்டார். ஆத்திரப்பட்ட யாரோ எருவைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள், அதுவும் வீடு மாறி, அயல் வீட்டு வாசலில். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் பி.சி. லயன்ஸுக்காக கிரே கோப்பையில் ஆறு ஃபீல்ட் கோல் அடித்தார். பசாக்லியாவும் 1994 கிரே கோப்பையில், பால்ட்டிமோருக்கு எதிராக, ஆட்டம் முடியச் சற்று முன் ஒன்றைத் தவறவிட்டவர்தான். சில நிமிடங்களில் மறுபடியும் வாய்ப்பு வந்தது. ஆட்டத்தின் கடைசி உதை, 38 யார்டு, 26-23. முதல் உதைக்கும் இரண்டாவது உதைக்கும் இடையில் அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்பதை அறிய நான் என்ன விலையும் கொடுப்பேன். என் அளவில் நான் கண்டுபிடித்தது அற்பமான ஒன்று: இடது சப்பாத்தின் நாடாவை அவிழ்த்து மறுபடியும் கட்டுவேன். கட்டி முடிக்கும்போது அந்த உதை முடிந்துபோயிருக்கும்.

2017 நவம்பரில் என் கடைசிப் பல்கலைக்கழகப் பருவம் முடிந்திருந்தது. ஒட்டாவாவில் பனி கொட்ட நடந்த கிரே கோப்பையை வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். "தம்பி, சாப்பிட்டிட்டுப் பாரன்" என்று அம்மா மூன்றாம் முறை கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ரொறன்ரோ அணிக்காக லிரிம் ஹய்ருல்லாஹு 32 யார்டு உதைக்க வந்தார். கொசோவோ போரிலிருந்து தப்பிச் சிறு வயதில் குடும்பத்தோடு சென். கதரின்ஸுக்கு வந்தவர் அவர். கடைசி நிமிடம், வெள்ளையாகிப்போன தரை, பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. கல்கரி 24, ரொறன்ரோ 27. அப்பா அதுவரை ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. "உவனும் எங்களைப் போல ஓடி வந்தவன்தானே" என்றார். சம்பளத்தைப் பற்றிய கேள்வியை அதன்பின் அவர் கேட்கவே இல்லை.

அடுத்த மார்ச்சில், லீக்கில் சேர விரும்பும் புதியவர்களை அளந்து பார்க்கும் தெரிவு முகாம். மற்றவர்களை ஓடவிட்டும் எடை தூக்கவிட்டும் அளந்தார்கள்; எங்களை உதைக்கவைத்து, பந்து எழும்பும் கோணத்தையும் காலின் சத்தத்தையும் கவனித்துக் குறித்துக்கொண்டார்கள். நல்ல உதைக்குத் தனிச் சத்தம் உண்டு. கதவை அறைந்து சாத்துவது போல ஒரே அறையாகக் கேட்கும். ஃபீல்ட் கோல்களைச் சரியாகவே உதைத்தேன். பிறகு கையிலிருந்து பந்தை விட்டு உதைக்கும் பண்ட் உதையைக் கேட்டார்கள். அதில் நான் சுமார். என் குறை எங்கே என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். ஒவ்வோர் அணியிலும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கனடியர்கள் இருந்தாக வேண்டும் என்பது விதி. ஆகவே இரண்டு வகை உதையையும் செய்யும் ஒரு கனடியர், அணிக்கு ஓர் இடத்தை மிச்சப்படுத்தித் தருகிறார். ஒன்றை மட்டும் செய்பவர் மிச்சப்படுத்துவதில்லை. என்னிடம் வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: பதினைந்து வயதிலேயே பண்டையும் சேர்த்துப் பழகுங்கள். நான் இருபது வயதில் தொடங்கினேன்.

அணிகள் புதியவர்களை முறைவைத்து எடுக்கும் மே மாதத் தெரிவில் எட்டுச் சுற்றுகளிலும் என் பெயர் வரவில்லை. மறுநாள் மேற்கிலிருந்து ஓர் அணி தொலைபேசியில் அழைத்தது. பயிற்சி முகாமுக்குப் போன இரண்டாம் நாளே நிலைமை விளங்கிவிட்டது. அங்கே பல ஆண்டுகளாக ஓர் உதைப்பாளர் இருந்தார். அவருடைய கால் களைத்துப் போகாமல் இருக்க, பாதி உதைகளை உதைக்க இன்னொரு கால் வேண்டியிருந்தது. அந்த இன்னொரு கால்தான் நான். அவர் நல்ல மனிதர். தன் நாற்காலிக்குப் போட்டியாக வந்தவனுக்கு, எந்தக் காற்றுக்கு எவ்வளவு விலக்கிக் குறிவைக்க வேண்டும் என்று மாலைகளில் நின்று காட்டித் தந்தார்.

இரண்டாவது பயிற்சிப் போட்டியில் எனக்கு ஓர் உதை கிடைத்தது. 46 யார்டு, எதிர்க்காற்று. தையல் சரியாக இருந்தது, பிடித்தவர் மேல் குற்றமில்லை. தலையை நிமிர்த்தினேன், அவ்வளவுதான். பந்து இடப்பக்கம் விலகி, கம்பத்துக்குப் பின்னால் காத்திருந்தவரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் ஓரமாக ஓடத் தொடங்கினார். எங்கள் பருமன் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் பின்தங்க, அவருக்கு முன்னால் நான் ஒருவன்தான் மிச்சம். பக்கக் கோட்டை நோக்கிக் குறுக்காக ஓடி, தோளை அவர் இடுப்பில் இடித்து, இருவருமாகத் தண்ணீர்ப் போத்தல்கள் அடுக்கியிருந்த மேசையின் மேல் விழுந்தோம். எழுந்து வந்தபோது பயிற்சியாளர் என் தலைக்கவசத்தைத் தட்டி, நல்ல தடுப்பு என்றார். தொழில்முறை ஆட்டத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

இரண்டு நாள் கழித்து, காலை ஆறரை மணிக்கு அறைக் கதவைத் தட்டினார்கள். ஐபேடை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லில் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஆட்டத் திட்டங்கள் அதில்தான் இருக்கும், அதைத் திருப்பி வாங்கினால் கதை முடிந்தது. ஆகஸ்டில் அந்த உதைப்பாளருக்குத் தொடையில் தசை பிடித்தபோது மறுபடியும் அழைத்து, பயிற்சிப் பட்டியலில் ஐந்து வாரம் வைத்திருந்தார்கள். அவருடைய தொடை ஆறியது. எனக்கு அதில் வருத்தமும் இருந்தது, நிம்மதியும் இருந்தது. இரண்டையும் அவரிடமே சொன்னேன். சிரித்தார். அதற்குப் பிறகு தொலைபேசி வரவில்லை.

2025 செப்டம்பரில் லீக் புதிய விதிகளை அறிவித்தது. 2027 முதல் கோல் கம்பங்கள் இறுதிப் பகுதியின் பின் எல்லைக்குப் போகின்றன. அந்தப் பகுதியின் ஆழமும் 20 யார்டிலிருந்து 15 ஆகக் குறைகிறது. ஏழைக் கூட்டும் என் பழைய கணக்கில் இனி இருபத்திரண்டைக் கூட்ட வேண்டும். நான் அன்று தவறவிட்ட 46 யார்டு உதை, புதிய மைதானத்தில் 61 யார்டு.

போன சனிக்கிழமை, என்னிடம் பழகும் பதினாறு வயதுப் பையனுக்கு இதை விளக்கிவிட்டு, இரும்புக் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு பதினைந்து எட்டுப் பின்னால் நடந்தேன். "இன்னும் பின்னுக்கோ?" என்று மடக்கு நாற்காலியிலிருந்து அப்பா கேட்டார். ஆம் என்றேன். அவர் எழுந்து, இருவருக்கும் நடுவே இருந்த தூரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, வழக்கம்போலக் கம்பங்களுக்குப் பின்னால் போகாமல், இந்தப் பக்கமே பத்து யார்டு முன்னுக்கு வந்து பந்துக்காக நின்றுகொண்டார்.