"ஜிஎஸ்டி ஏறிடுச்சு, அதான் விலை ஏத்திட்டாங்க"

சிங்கப்பூர்க் காப்பிக்கடையில் அடிக்கடி காதில் விழும் இந்த ஒரு வரியைப் பிரித்துப் பார்த்தாலே வாதத்தைச் சோதிக்கும் முறை பிடிபட்டுவிடும்.

முடிவு எது, காரணம் எது என்று முதலில் பிரியுங்கள். காரணம் உண்மைதான்: 2024 ஜனவரி 1 அன்று ஜிஎஸ்டி எனும் பொருள், சேவை வரி 8 விழுக்காட்டிலிருந்து 9 ஆனது. ஆனால் அந்தக் காரணம் முடிவைத் தாங்குமா? பலரும் கோட்டை விடுவது இங்கேதான். வரியோடு 4 வெள்ளிக்கு விற்ற மசால் தோசையில் அந்த ஒரு விழுக்காடு கூட்டுவது 4 காசுக்கும் குறைவு. விலை 50 காசு ஏறியிருந்தால்? மீதி 46 காசுக்கு வாடகை, சம்பளம், எண்ணெய் என்று வேறு காரணம் வேண்டும். அதைச் சொல்லாதவரை வாதம் அரைகுறைதான்.

அதற்காகக் கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று பாய்ந்துவிடாதீர்கள். காரணம் போதவில்லை என்பதால் மட்டும் விலையேற்றம் அநியாயம் என்று ஆகிவிடாது. அது தனி வாதம், அதற்குத் தனி ஆதாரம் தேவை.

நாம் பேசும்போதும் இதே அளவுகோல்தான். "எல்லாரும் ஏமாத்துறாங்க" என்றால் சண்டைதான் வரும். "வரியால 4 காசு, மீதி எதனால அண்ணே?" என்று கேட்டால் அவருக்கும் பதில் சொல்ல ஒரு பிடி கிடைக்கும்.