வெளியூர்க்காரர்களால்தான் திருட்டா?

வேலூர் பாபுராவ் தெரு பக்கம் ஒரு செல்போன் காணாமல் போனால் போதும், "இந்த வடக்கத்திக்காரங்க வந்ததிலிருந்துதான் இப்படி" என்று டீக்கடையிலேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் காட்பாடியில் வந்திறங்கி, சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துக்கொண்டு, லாட்ஜ் ரூமிலேயே சமைத்துச் சாப்பிட்டு ரிப்போர்ட்டுக்குக் காத்துக்கிடக்கிற ஜனங்கள் அவர்கள். கையில் வைத்தியச் செலவுக்கான பணத்தோடு பாஷை தெரியாத ஊரில் நிற்பவர், பறிகொடுக்கிறவராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இதே பேச்சு அமெரிக்காவின் சிகாகோவிலும் இருந்தது. அங்கே கிளிஃபோர்ட் ஷா, ஹென்றி மெக்கே என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1900-லிருந்து 1933 வரை சிறார் நீதிமன்றத்துக்கு வந்த பையன்களின் விலாசங்களை எடுத்து ஊர் வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தார்கள். கடைவீதியையும் தொழிற்சாலைகளையும் ஒட்டிய, ஆட்கள் வருவதும் காலி செய்வதுமாக இருந்த ஏழைப் பகுதிகளில் புள்ளிகள் அப்பிக் கிடந்தன. ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் இருந்தபோதும் அப்படித்தான், அவர்கள் போய் இத்தாலியரும் போலந்துக்காரரும் குடிவந்த பிறகும் அப்படித்தான். இன்ன நாட்டு ஜனம்தான் குற்றவாளி என்ற பேச்சு அதோடு எடுபடாமல் போனது. (நீதிமன்றக் கணக்கை நம்புவதில் ஒரு சிக்கல் உண்டு: வசதியான வீட்டுப் பையன் மாட்டினால் ஸ்டேஷனிலேயே விஷயம் முடிந்துவிடும், விலாசம் எங்கே பதிவாகும்?)

சரி, இடத்தில் அப்படி என்ன இருக்கிறது? வறுமை ஒரு பக்கம், அதோடு யாருக்கும் யாரையும் தெரியாமல் போவது. 1995-ல் ராபர்ட் சாம்ப்சன் என்ற சமூகவியலாளரும் கூட்டாளிகளும் அதே சிகாகோவில் 343 பகுதிகளில் 8,782 பேரிடம், உங்கள் தெருப் பையன்கள் ஸ்கூலுக்குப் போகாமல் சுற்றினால் அக்கம்பக்கத்தார் தட்டிக்கேட்பார்களா என்கிற மாதிரிக் கேள்விகளைக் கேட்டார்கள். கேட்பார்கள் என்று சொன்ன இடங்களில், வறுமையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், வன்முறை குறைவாகவே இருந்தது.

இதை நம் ஊரோடு பொருத்திப் பார்த்தால், எனக்கு லாட்ஜ் தெருவைவிட ஊருக்கு வெளியே புதிதாக எழும்புகிற நகர்களைப் பற்றித்தான் கவலை. காலையில் எல்லோரும் வேலைக்குக் கிளம்பிவிட, ஆளுயர காம்பவுண்டுக்கும் காலி மனைக்கும் நடுவே தனியாக நடந்துபோகும் ஓர் அம்மா, கழுத்தில் செயின். திருட்டு நடக்க மூன்று விஷயம் ஒன்றுசேர வேண்டும் என்று கோஹன், ஃபெல்சன் என்ற ஆய்வாளர்கள் 1979-ல் சொன்னார்கள், அந்த மூன்றும் அங்கே ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன: எடுக்கத் துணிந்தவன், எடுக்கத் தோதான பொருள், தடுக்க ஆள் இல்லாமை.

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் இப்போது இரண்டு கோரிக்கைகள் ஓடுகின்றன. ஒன்று கேமரா, வைக்கட்டும். இன்னொன்று, முனையில் இருக்கும் இட்லிக்கடையும் பாயின் டீக்கடையும் குப்பை சேர்க்கின்றன, அவற்றை எடுக்க வேண்டும் என்ற மனு. தெருவில் கடையும் நடமாட்டமும் இருந்தால் அதுவே காவல் என்று நகர வாழ்க்கையைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961-லேயே எழுதியாயிற்று. நைட் டியூட்டி முடிந்து வரும் நர்ஸ் பிள்ளைகள் அந்தச் சந்தில் தைரியமாக நுழைவது இட்லிக்கடை அக்கா அங்கே உட்கார்ந்திருப்பதால்தான். குப்பைக்கு ஒரு தொட்டி வைத்தால் போதாதா என்று குழுவிலேயே கேட்டேன், இன்னும் யாரும் பதில் போடவில்லை. அந்த மனுவில் நான் கையெழுத்துப் போடுவதாக இல்லை.