பிறப்புக் கதை அட்டைகள்: வெளியே அதிகம் தெரியாத சூப்பர் ஹீரோக்கள், இதுவரை நடந்த வேலை

5×8 அங்குலக் கோடு போட்ட அட்டை, ஆளுக்கு ஒன்று. இதுவரை 24 அட்டைகள் ஒழுங்காகியிருக்கின்றன. எக்செல்லில் தொடங்கிய வேலைதான். ஆனால் அங்கே ஒரு கட்டத்துக்குள் ஒரு தேதிதான் நிற்கும். இந்த ஆசாமிகளுக்கோ ஆளுக்கு இரண்டு மூன்று பிறந்தநாள்.

கதைக்குள் ஒரு பிறப்பு, அச்சகத்தில் ஒரு பிறப்பு. முதலாவதை மட்டும் எழுதினால் மின்னல், மந்திரக்கல், விண்கல் என்று எல்லா அட்டையும் ஒரே மாதிரி ஆகிவிடும். இரண்டாவதில்தான் ருசியே இருக்கிறது. அதனால் அட்டையின் முன்பக்கம் கதைக்கு, பின்பக்கம் அச்சுலகத்துக்கு.

பிலிப்பைன்ஸின் டார்னா அட்டையை உதாரணமாக எடுக்கலாம். முன்பக்கம் இரண்டே வரி: நார்டா என்ற சிறுமி வெண்கல்லை விழுங்கி “டார்னா!” என்று கத்தினால் மாவீராங்கனை ஆவாள் (எழுத்தை இடம் மாற்றினால் நார்டாவே டார்னா). பின்பக்கம் நிரம்பி வழிகிறது. மார்ஸ் ராவேலோ 1947-ல் வேறொரு பத்திரிகையில் இவளை ‘வார்கா’ என்ற பெயரில் உலவவிட்டார். அங்கிருந்து விலகியபோது பெயர் பத்திரிகையிடமே தங்கிவிட்டது. 1950-ல் நெஸ்டர் ரெடோண்டோவின் ஓவியத்துடன் அதே யோசனை டார்னாவாகத் திரும்பியது. முதலில் இதற்கு இரண்டு அட்டை போட்டதுதான் தப்பு. இப்போது ஒரே அட்டை, மேல் மூலையில் இரண்டு பெயர், இரண்டு ஆண்டு.

பிரிட்டனின் மார்வெல்மேன் இதே ரகம். அமெரிக்கக் கேப்டன் மார்வெலை அங்கே மறுபதிப்பு செய்துகொண்டிருந்தார்கள். சூப்பர்மேன் தரப்புடன் நடந்த நீண்ட வழக்கால் மூலப் பதிப்பாளர் 1953-ல் காமிக்ஸ் கடையைக் கட்டினார். சரக்கு நின்றதும் மிக் ஆங்லோவை வைத்து 1954-ல் மாற்று நாயகரை இறக்கினார்கள். நாயகர் உருமாறக் கத்தும் ‘ஷசாம்’ போய் ‘கிமோட்டா’ வந்தது. ‘அட்டாமிக்’கை ஆங்கிலத்தில் பின்னாலிருந்து வாசித்து, ‘சி’ எழுத்துக்குப் பதில் ‘கே’ போட்டால் அதுதான். வழக்கறிஞர் நோட்டீஸில் பிறந்த நாயகர் என்று அட்டையில் சிவப்பு மையில் எழுதியாயிற்று.

கனடாவின் நெல்வானாவைப் பெற்றது சட்டம். 1940 டிசம்பரில் வந்த அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு அமெரிக்க காமிக்ஸ் இறக்குமதியை நிறுத்த, உள்ளூரிலேயே கறுப்பு-வெள்ளை இதழ்கள் முளைத்தன. ஏட்ரியன் டிங்கிளின் நெல்வானா 1941 ஆகஸ்ட் தேதியிட்ட இதழில் வந்தாள். வடதுருவ ஒளியின் அரசன் கோலியாக்குக்கும் மானுடப் பெண்ணுக்கும் பிறந்தவள்.

தேதி விஷயத்தில் பெரிய வழுக்கல் இங்கேதான். அட்டைப்பட மாதம் கடைக்கு வந்த மாதம் அல்ல. கடைக்காரர் எதுவரை அடுக்கில் வைக்கலாம் என்பதற்காக வரப்போகும் மாதத்தைப் போடுவது வழக்கம். சூப்பர்மேன் அறிமுகமான இதழில் 1938 ஜூன் என்று இருக்கும். விற்பனைக்கு வந்தது ஏப்ரலில். வொண்டர் வுமன் அறிமுகமான இதழ் 1941 டிசம்பர் என்று சொன்னாலும் அக்டோபரிலேயே கடையில் இருந்தது. ஒருவருக்கு அட்டைப்படத் தேதியையும் இன்னொருவருக்கு விற்பனைத் தேதியையும் எடுத்து ஒப்பிட்டால் ‘யார் முந்தி’ என்பது தலைகீழாகும். நெல்வானா எப்படிப் பார்த்தாலும் வொண்டர் வுமனுக்கு முந்தியவள். ஆனால் ‘முதல் பெண் சூப்பர் ஹீரோ’ என்று எழுதக் கை நீளும்போது, 1940-லேயே வந்துவிட்ட ஃபிளெட்சர் ஹாங்க்ஸின் ஃபான்டோமா குறுக்கே நிற்கிறாள். ஆகவே ‘முதல்’ என்ற சொல்லுக்கே தடை. இரண்டு தேதிக்கும் தனித்தனி வரி. உள்பக்கப் பதிப்பு விவரத்தைக் கண்ணால் பார்க்கும்வரை பென்சில்; பிறகுதான் மை.

‘இதழ் எண்’ கட்டம் ஜப்பானில் படுத்துவிட்டது. மண்டையோட்டு முகமும் மேலங்கியுமாக வரும் ஓகோன் பாட், 1930களின் தொடக்கத்தில் கமிஷிபாய் நாயகர். தெருவில் சைக்கிளை நிறுத்தி, படப்பலகையை ஒவ்வொன்றாக உருவி, கதை சொல்லி மிட்டாய் விற்கும் கலை அது. கையால் வரைந்த பலகைக்கு இதழ் எண் ஏது? கட்டத்தின் பெயரை ‘ஊடகம், எண்’ என்று மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது.

மின்னல் கோஷ்டியில் இந்தோனேசியாவின் குண்டாலா தனித்து நிற்கிறார். 1969, ஹஸ்மியின் படைப்பு. மின்னலை முறியடிக்கும் மருந்து தேடும் பொறியாளர் சஞ்சகாவையே மின்னல் அடிக்கிறது. பின்பக்கத்தில் சேர்க்க வேண்டியது, மின்னலைக் கையால் பிடித்த கி அகெங் சேலா பற்றிய ஜாவானிய மரபுக்கதை. இதை விட்டுவிட்டால் அவர் அமெரிக்க மின்னல் நாயகர் ஃபிளாஷின் வெறும் நகலாகத் தெரிவார்.

இந்தி நாயகர் நாகராஜுக்கு (ராஜ் காமிக்ஸ், 1986) ‘மாறிய பிறப்பு’ என்று கூடுதல் கட்டம் தேவைப்பட்டது. விஞ்ஞானி நாகமணி உருவாக்கிய ஆயுதமாக அறிமுகமானவர், பிற்பாடு அரச குமாரனாக மாற்றப்பட்டார். இரண்டையும் கலந்து ஒரே கதையாக எழுதக் கூடாது. முதலில் சொன்னது மேலே, திருத்தியது கீழே.

நேர் எதிர், அமெரிக்காவில் சூ ஹிங் படைத்த கிரீன் டர்ட்டில் (1944). முகத்தையே வாசகருக்குக் காட்டமாட்டார். கூட வரும் பர்மா பாய் பிறப்புக் கதையைக் கேட்கும்போதெல்லாம் ஏதாவது குறுக்கிடும், ஐந்து இதழோடு தொடரும் முடிந்துபோனது. கட்டம் காலியாகத்தான் இருக்க வேண்டும். 2014-ல் ஜீன் லுவென் யாங்கும் சன்னி லியூவும் எழுதி வரைந்த பிறப்புக் கதையை அந்தக் கட்டத்தில் நிரப்பினால் அது மோசடி; ‘மாறிய பிறப்பு’ கட்டத்தில்தான் அதற்கு இடம்.

அகர வரிசையில் அடுக்கும்போது சிக்கியது நம் மாயாவி. 1962-ல் பிரிட்டிஷ் வார இதழ் வேலியண்ட்டில் வந்த ஸ்டீல் க்ளா, லூயிஸ் கிராண்டெல், 1972-ல் முத்து காமிக்ஸில் ‘இரும்புக்கை மாயாவி’ ஆனார். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். ஆனால் ராணி காமிக்ஸில் ‘மாயாவி’ என்றால் அமெரிக்க முகமூடி வீரர் ஃபான்டம். அவரே இந்திரஜால் காமிக்ஸில் வேதாளன். தமிழ்ப் பெயரில் அடுக்கினால் இருவரும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்வார்கள். மூலப்பெயரின் ஒலிப்பில் அட்டையை வைத்து, தமிழ்ப் பெயருக்கு 3×5 அளவில் ‘காண்க’ சீட்டு போட்டாயிற்று. ‘மாயாவி’ சீட்டில் மட்டும் இரண்டு அம்புக்குறி.