அரைக் கோப்பை கீரை

ஒக்டோபர் 2

அம்மாவின் INR 1.8. இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் எண். இருதயத்தில் உலோக வால்வு இருப்பதால் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டியது. "கீரை கூடிவிட்டதா அம்மா?" என்று வைத்தியர் கேட்டார். அம்மா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் நீட்டிய முருங்கையிலைக் கட்டுகளைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஒக்டோபர் 3

வார்ஃபரின் மாத்திரை கூடியிருக்கிறது. அம்மா பல் தீட்டும்போது எச்சிலைப் பார்த்தேன். இரத்தம் இல்லை.

ஒக்டோபர் 5

கீரையை நிறுத்தச் சொல்லவில்லை. அளவு மாறக் கூடாது என்றுதான் சொன்னார்கள். அம்மாவுக்கு அது ஏறவில்லை. "சாப்பிடலாம் என்றால் சாப்பிடலாம், கூடாதென்றால் கூடாது. இதென்ன இரண்டுங்கெட்டான் கதை, பிள்ளை?" கீரையில் இருக்கும் கே விற்றமின் இரத்தத்தை உறையச் செய்யும், வார்ஃபரின் அந்த வேலையைத் தடுக்கும், ஒரு நாள் கட்டுக்கட்டாகவும் மறுநாள் ஒன்றுமில்லாமலும் சாப்பிட்டால் மாத்திரையின் கணக்குக் குழம்பும் என்று சொல்லிப் பார்த்தேன். "உலோக வால்வுக்குக் கீரை என்ன செய்தது?" என்றார். வால்வில் இரத்தம் கட்டினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்று வாய்க்கால் கரைக் கங்குன் கீரை. தண்டுக்குள் குழாய், அதற்குள் மணல். மூன்று தண்ணீரில் அலசியும் சட்டியின் அடியில் சேறு கிடந்தது. உள்ளியைத் தோலோடு அம்மியில் ஒரு தட்டு. தோல் தானாகக் கழன்றுவிடும். தட்டியதும் எண்ணெயில் போட அம்மா விடமாட்டார், சற்றுக் கிடந்தால்தான் மணம் எழும்பும் என்பார். அதில் அவர் சொல்வது சரி. கடுகு வெடித்து, செத்தல் மிளகாய் கறுக்குமுன் உள்ளி. விளிம்பு மட்டும் பொன்னிறமாக வேண்டும், அதைத் தாண்டினால் கைப்பு. முதலில் தண்டு, பிறகு இலை. தாச்சியை மூடக் கூடாது. மூடினால் பச்சை செத்துப் பாசி நிறமாகிவிடும். உப்பு கடைசியில். இறக்கிய பிறகே தேசிக்காய்ப் புளி.

தாச்சி நிறையப் போட்டது ஒரு பிடியாகச் சுருங்கிவிட்டது. பச்சையாக அளப்பதில் அர்த்தமே இல்லை. வெந்ததை அரைக் கோப்பை அளந்து வைத்தேன். ஒவ்வொரு நாளும் அதே அரைக் கோப்பை. அம்மா கோப்பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஒக்டோபர் 6

"உள்ளி காணாது."

ஒக்டோபர் 8

வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது, 1954இல்தான் மனிதருக்கு அனுமதித்தார்கள் என்று தம்பி கைத்தொலைபேசியில் வாசித்துக்காட்டினான். வேறு வேலை இல்லை அவனுக்கு. அம்மா மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "எலி கீரை தின்னுமா?" என்று கேட்டார். சிரித்தேன். பிறகு, விழுங்கும்வரை அங்கேயே நின்றேன்.

ஒக்டோபர் 9

மாமி வந்தார். வெறும் வயிற்றில் பச்சை உள்ளி ஐந்து பல் மென்றால் இருதயத்துக்கு நல்லதாம், மாத்திரையே தேவையில்லையாம். கறியில் போடும் உள்ளியால் ஒன்றுமில்லை, ஆனால் மருந்து என்று நினைத்துப் பச்சையாகவும் குளிசையாகவும் எடுக்க வேண்டாம், இரத்தம் கசியக்கூடும் என்று கிளினிக் தாதி சொன்னதை மாமியிடம் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும். வேலிக்கு மேலால் இனிக் கட்டு எதுவும் வரக் கூடாது என்றும் சொல்லியிருக்க வேண்டும், அம்மா பக்கத்தில் இருந்தார்.

ஒக்டோபர் 10

மழை. அம்மாவின் முழங்கைக்கு மேலே நீலமாக ஒரு கண்டல், ஒரு ரூபாய்க் குற்றியளவு. கதவில் இடித்ததாம். பேனாவால் ஓரத்தைச் சுற்றி வரைந்துவைத்தேன்.

ஒக்டோபர் 11

கோட்டைத் தாண்டவில்லை.

ஒக்டோபர் 13

கங்குன் கிடைக்கவில்லை, பொன்னாங்காணி வாங்கினேன். அதே அரைக் கோப்பைதான், ஆனால் இலைக்கு இலை விற்றமின் வேறுபடும். இதை யாரிடம் கேட்பது? சாப்பிடும்போது அம்மா, "நீ அளக்காமல் போட்ட காலத்தில் எனக்கு ஒரு நோயும் இருக்கவில்லை" என்றார். பதில் இருந்தது. சொல்லவில்லை. தாச்சியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

ஒக்டோபர் 15

நாளை இரத்தம் எடுக்கிறார்கள். வவுனியா பஸ் ஐந்தரைக்கு. உள்ளி தட்டிவைத்திருக்கிறேன், கீரை இன்னும் ஆயவில்லை, அம்மா இப்போதே புடவையை எடுத்து வெளியே வைத்துவிட்டார்.