நான்கு தண்டவாளங்களும் ஒரு புள்ளியும்

நேற்று மாலை எங்கள் மொட்டைமாடியில் நடந்த சித்திர வகுப்பில், 6 வயதுப் பையன் ஒருவனிடம் நான் முறையாகத் தோற்றுப்போனேன். தனியே தோற்றிருந்தால் மானம் போனது வீட்டோடு முடிந்திருக்கும். 1435ஆம் ஆண்டிலேயே, தூரத்தைத் தாளில் காட்டும் தூரக்காட்சி விதிகளை எழுதிவைத்த இத்தாலியர் அல்பெர்ட்டியையும் துணைக்கு அழைத்து, அவரையும் சேர்த்துத் தோற்கவைத்தேன் என்பதுதான் இரவு முழுவதும் உறுத்திக்கொண்டிருந்தது.

வகுப்பு என்று சொல்வது என் ஆசைக்கு. உள்ளபடி சொன்னால், அம்மா உடுப்புக் காயப்போடும் கொடிக்குக் கீழே விரித்த இரண்டு பாய்களும், அவற்றின் மேல் 4 வயது முதல் 14 வயது வரையில் ஐந்து பிள்ளைகளும்தான். மூத்தவள் சாதாரண தரப் பரீட்சைக்குச் சித்திரப் பாடம் எடுத்திருப்பவள்; பென்சிலை ஒரு கண்ணை மூடிக்கொண்டு கைநீட்டிப் பிடித்து அளந்த பிறகே ஒரு கோடு போடுவாள். இளையவன் அவளுடைய தம்பி. “ஒரு மூலையில இருப்பான், ரீச்சர், கரைச்சல் தரமாட்டான்” என்று தாயார் விட்டுவிட்டுப் போன நாள் முதல், நாங்கள் ஐந்து பேரும்தான் மூலையில் இருக்கிறோம். அவன் நடுவில் இருக்கிறான். யாருடைய பெட்டியைத் திறந்தாலும் அவனுக்குக் கறுப்புப் பெஸ்டல் மட்டும்தான் வேண்டும். அதைச் சுற்றியிருக்கும் தாளை வாழைப்பழத் தோலைப் போல நகத்தால் உரித்து, இரண்டாக முறித்து, முறித்த முனையால் தாள், பாய், தரை, தன் முழங்கால் என்று வரிசை தவறாமல் தேய்ப்பான். கொடியிலிருந்து தொங்கிய என் அப்பாவின் வெள்ளை வேட்டியும் ஒருமுறை அந்த வரிசையில் வந்துவிட்டது. அதைப் பற்றி அப்பா இன்னும் பேசிக்கொண்டிருப்பதால் நான் பேசவில்லை.

சித்திரக் கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் வெளியிட்ட நூலில் சிறுவர் சித்திரத்தை வயதுவாரியாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். 4 வயது வரை கிறுக்கல், 7 வயது வரை ஓர் ஆயத்தம், 9 வயது வரை தனக்கென்று வகுத்துக்கொண்ட வடிவங்கள், அதற்குப் பிறகு கண்ணால் காண்பதைப் போல வரைய வேண்டுமென்ற ஏக்கம். அந்த மனிதர் எழுதியதெல்லாம் உண்மைதான்; ஆனால் அவர் அவற்றைத் தனித்தனி அத்தியாயங்களில் இருத்திவிட்டார். என் பாயில் எல்லா அத்தியாயங்களும் ஒன்றின் காலை ஒன்று மிதித்துக்கொண்டிருக்கின்றன.

நேற்றைய பாடத்துக்குப் புகையிரதப் பாதையைத் தெரிவுசெய்தது என் மதியீனம். எங்கள் மாடியின் தெற்கு மூலையில் நின்றால், கொழும்பின் கரையோரச் சாலையான மரைன் டிரைவுக்கும் கடலுக்கும் இடையில் இரட்டைப் பாதை தெகிவளையை நோக்கி நீண்டு போவது தெரியும். பென்சிலைக் கண் மட்டத்தில் கிடையாகப் பிடிக்கச் சொன்னேன். நாலாம் மாடியில் நின்றாலும் கடலின் விளிம்பு அந்தப் பென்சிலோடு வந்து ஒட்டிக்கொள்வதைக் கண்டு பெரிய பிள்ளைகள் மூவரும் வியந்தார்கள். சின்னவன் பென்சிலைத் தூக்கி, அதற்குக் கீழே கடல் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தான். மூத்தவள் அந்த விளிம்பில் ஒரு புள்ளியை வைத்து, நான்கு தண்டவாளங்களையும் அதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லாரும் வந்து பார்க்கும்படி தாளை உயர்த்திப் பிடித்தேன்.

6 வயதுக்காரன் தலையைச் சரித்து நெடுநேரம் பார்த்தான். பிறகு, “ரீச்சர், அங்க ரெண்டு கோச்சியும் மோதிப்போடுமே!” என்றான்.

தூரத்தில் இருப்பவை சிறிதாகத் தெரியும் என்று விளக்கினேன். “தெரியும், ஆனா சின்னன் ஆகாதே” என்றான். இதற்கு அல்பெர்ட்டியிடம் விடை இருக்கலாம். மொட்டைமாடியில் என்னிடம் இருக்கவில்லை. அவனுடைய தாளில் நான்கு தண்டவாளங்களும் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே இடைவெளியில் ஓடின. பெட்டிகளுக்குச் சுவர் இருந்தும் உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் செருப்பு உட்படத் தெரிந்தார்கள். இஞ்சினைவிடப் பெரியவராக ஒரு வடைக்காரர் நின்றார். அவருடைய தட்டில் 14 வடைகள், ஒவ்வொன்றின் மேலும் மீசையோடு ஓர் இறால். இஞ்சின் ஒரு சிவப்புப் பூச்சு மட்டும்தான். அது அவனுக்கு முக்கியமில்லை.

காய்ந்த சாரத்தை எடுக்க மேலே வந்திருந்த இரண்டாம் மாடி மாமா, நிலைய அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர், அந்த நேரம் பார்த்தா வாய் திறக்க வேண்டும்? “பொடியன் சொல்றதுதான் சரி, பிள்ளை. ரெண்டு தண்டவாளத்துக்கும் இடையில ஐஞ்சடி ஆறங்குலம். கொழும்பிலயும் அதுதான், மாத்தறையிலயும் அதுதான். இந்தப் படத்தை நம்பி வண்டி விடேலாது” என்று மூத்தவளின் தாளைச் சுட்டிக்காட்டித் தீர்ப்புச் சொன்னார். 1676 மில்லிமீற்றர் என்று மெற்றிக் அளவிலும் சொல்லி, அந்த அகலம் மாறினால் எத்தனை பேருடைய உயிர் போகும் என்பதையும் விவரித்தார். மூத்தவளின் கண் கலங்கிவிட்டது. பையனோ அவளுடைய தாளருகே போய், நான் தடுப்பதற்குள், அந்தப் புள்ளியின் மேல் ஒரு சிறிய பெட்டியைக் கீறி, “இது தெகிவளை ஸ்டேசன். ரெண்டும் இதில நிண்டிடும்” என்றான். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்தப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு அதற்குக் கூரை போட்டுக்கொடுத்தாள்.

இரவு அவளுடைய தாயார் தொலைபேசியில் அழைத்து, சோதனைக்கு வரையும் படத்தில் யார் பெட்டி கீறியது என்று கேட்டார். பையனின் தகப்பனார் அழைத்து, மகனுக்கு எப்போது ‘உண்மையான’ கோச்சி வரையச் சொல்லித்தருவீர்கள் என்று கேட்டார். இருவருக்கும் ஒரே கட்டணம்தான் வாங்குகிறேன் என்பதை நினைத்துக் கொஞ்சம் கவலைப்பட்டேன்.

இன்று காலை மாமா கதவைத் தட்டினார். மருந்துக்கடைப் பற்றுச்சீட்டின் பின்புறத்தில், அடிமட்டம் வைத்து, சிக்னல் கம்பம் ஒன்றை வரைந்து கொண்டுவந்திருந்தார். கம்பம் நேராகத்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற கொடிக்காரரின் தலையிலிருந்து நேரே கால்கள் முளைத்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு 74 வயதுக்காரர் வரலாமா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், ஓய்வூதியக்காரருக்கு அரைக் கட்டணம் என்று அம்மா அடுப்படியிலிருந்தே சொல்லிவிட்டார். அவருக்கும் ஒரு பெஸ்டல் பெட்டி வாங்க வேண்டும். கறுப்பு மட்டும் இரண்டாக.